வந்த வழியையும் எழுதித் தரும் கடை: பிராஸ் பாசாவில் ஓர் ஆட்டோகிராஃப் விற்பனையகம்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா பகுதியிலுள்ள பழைய வணிக வளாகம் ஒன்றின் மூன்றாம் மாடியில், தபால்தலையும் பழைய நாணயமும் விற்கும் கடைகளின் வரிசையில், பிரபலங்களின் கையொப்பங்களை மட்டுமே விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தமிழ்த் திரைக் கலைஞர்கள், பின்னணிப் பாடகர்கள், கிரிக்கெட் வீரர்கள் ஆகியோரின் கையொப்பங்களைச் சேர்ப்பவர்கள், பொருளை நேரில் கையிலெடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய இடங்கள் சிங்கப்பூரில் மிகக் குறைவு என்பதால் இந்தக் கடையைச் சற்று விரிவாகவே மதிப்பிட வேண்டியிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையுலகக் கையொப்பங்களுக்கு இந்தக் கடையை முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன். கிரிக்கெட் பொருள்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முடிவுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு கையொப்பம் எவர் கையிலிருந்து எவர் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற விவரம் முதல் பிரிவில் எழுத்தில் இருக்கிறது, இரண்டாம் பிரிவில் இல்லை.

கடையில் இருப்பவை பெரும்பாலும் இந்த ஊர்க் குடும்பங்களிடமிருந்து வந்தவை. பள்ளி நாள்களில் பலரும் வைத்திருந்த, இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பக்கங்கள் கொண்ட சிறிய ஆட்டோகிராஃப் புத்தகங்கள், ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கலைநிகழ்ச்சிகளின் மலர்கள், இசைத்தட்டு உறைகள், கேசட் அட்டைகள், சில கடிதங்கள் ஆகியவை அலமாரிகளில் கலைஞரின் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. புத்தகத்திலிருந்து பிரிந்த தனிப்பக்கம் 80 சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்குகிறது. கையொப்பமிட்ட படங்கள் 200 வெள்ளிக்கு மேல் போகின்றன. பக்கங்கள் கிழிக்கப்படாத முழுப் புத்தகத்திற்கு அவர் கேட்கும் விலை அதிகம் என்று தோன்றலாம். ஆனால் முழுப் புத்தகம் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லும் தன்மை உடையது: ஒரே நிகழ்ச்சிக்கு வந்த நடிகர், பாடகர், அறிவிப்பாளர், மேளக்காரர் எல்லாரும் அடுத்தடுத்த பக்கங்களில் வெவ்வேறு பேனாக்களால் எழுதியிருப்பதைப் போலியாகச் செய்வது, ஒரே ஒரு புகழ்பெற்ற பெயரைப் போலியாக எழுதுவதைவிடப் பன்மடங்கு கடினம். எவருக்கும் தெரியாத துணைக்கலைஞரின் கையொப்பத்தைப் போலி செய்ய எவரும் முனைவதில்லை. அதனால் அந்தத் துணைக்கலைஞரின் பக்கமே நட்சத்திரத்தின் பக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது. பக்கங்களைப் பிரித்து விற்றால் கூடுதல் பணம் வரும் என்று தெரிந்தும், இந்த உரிமையாளர் தம்மிடம் முழுதாக வந்த புத்தகத்தைப் பிரிப்பதில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

இந்தக் கடையின் தனிச்சிறப்பு, திரைப்பிரிவில் ஒவ்வொரு பொருளுடனும் இருக்கும் காகிதக் கோப்பு. அதில் யாரிடமிருந்து வாங்கப்பட்டது, அந்தக் குடும்பத்தில் முதலில் கையொப்பம் பெற்றவர் யார், எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன நிகழ்ச்சி என்பவற்றை, கடைக்கு விற்பவரே கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்று இருக்கிறது. விற்ற குடும்பத்தின் பெயரை வாங்குபவர் கேட்டால்தான், அதுவும் அவர்களின் சம்மதத்துடன்தான், உரிமையாளர் வெளியிடுவார். பழைய புகைப்படமோ நுழைவுச்சீட்டோ இருந்தால் அதுவும் கோப்பில் சேரும். அதோடு அவர் நிற்பதில்லை என்பதுதான் முக்கியம். குடும்பம் சொல்லும் கதையை வெளியிலுள்ள சான்றுகளோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டின் முடிவையும் பென்சிலில் குறித்து வைக்கிறார்.

ஒப்பிடுவதற்கு நம் ஊரில் நல்ல வசதி இருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு உள்ளிட்ட பழைய நாளிதழ்களைத் தேசிய நூலகம் மின்வடிவில் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு நடிகர் குறிப்பிட்ட மாதத்தில் சிங்கப்பூர் வந்தாரா, எந்த அரங்கில் மேடையேறினார், விமான நிலையத்தில் வரவேற்றவர்கள் யார் என்பன செய்தியிலோ விளம்பரத்திலோ பெரும்பாலும் இருக்கும். 1970களின் இறுதியில் ரஜினிகாந்த், கமல்ஹாசன் ஆகியோரின் படப்பிடிப்புகள் இங்கே நடந்தபோது தெருவில் கையொப்பம் வாங்கியவர்களின் பிள்ளைகள் இன்று அவற்றை விற்க வருகிறார்கள். படப்பிடிப்பு நடந்த காலத்தோடு அவர்கள் சொல்லும் தேதி பொருந்துகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அரங்குகளின் வரலாறும் அதே அளவுக்கு உதவும். ரிவர் வேலி சாலையிலிருந்த தேசிய அரங்கு 1963இல் திறக்கப்பட்டு 1986இல் இடிக்கப்பட்டது. கல்லாங்கில் உள்ள உள்விளையாட்டரங்கு 1989இன் கடைசி நாளில்தான் திறக்கப்பட்டது. எனவே 1988இல் தேசிய அரங்கில் வாங்கியது என்றோ, 1985இல் உள்விளையாட்டரங்கில் வாங்கியது என்றோ ஒரு கையொப்பத்தோடு கதை வந்தால், அந்தக் கதையின் ஓர் இணைப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. குடும்பத்தினர் ஆண்டை மறந்து தவறாகச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மையே. ஆகையால் அத்தகைய பொருளைப் போலி என்று ஒதுக்காமல், தேதி உறுதியாகவில்லை என்று கோப்பில் எழுதி விலையைக் குறைப்பது இந்தக் கடையின் வழக்கம். அது நியாயமான வழக்கம் என்றே கருதுகிறேன்.

ஒரு பின்னணிப் பாடகரின் கையொப்பம் உள்ள இசைத்தட்டு உறையைப் பற்றி நான் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தம்பி, இது யாருகிட்ட இருந்து எனக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியும். அவங்க அதை ஒரு பழைய சாமான் கடையில வாங்கியிருக்காங்க. அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதையும் ரசீதுல எழுதித்தான் தருவேன்." ரசீதில் அப்படியே எழுதவும் செய்தார். ஐயாவின் இந்த ஒரு பழக்கத்திற்காகவே, போக்குவரத்து நெரிசலைப் பொருட்படுத்தாமல் அந்தக் கடைக்குப் போகலாம்.

கையொப்பத்தையே ஆராய்வதற்கு அவர் தரும் வசதியும் போதுமானது. மேசைமீது பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியும் கையடக்கமான புற ஊதா விளக்கும் இருக்கின்றன. கேட்டால் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறார், சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்கவும் விடுகிறார். இணையச் சந்தையில் எனக்குப் பழக்கமான விற்பனையாளர் ஒருவர், படத்தின் பின்புறத்தைப் புகைப்படமெடுத்து அனுப்பும்படி எத்தனை முறை கேட்டும் அனுப்பாமல், முன்புறத்தையே வெவ்வேறு கோணங்களில் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். படத்தாளின் பின்புறத்தில்தான் தாள் நிறுவனத்தின் அச்சு, ஸ்டூடியோவின் முத்திரை, ஆல்பத்தில் ஒட்டிய பசையின் தடம் எல்லாம் இருக்கும். அதைக் காட்ட மறுப்பவரிடம் வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

உருப்பெருக்கியில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கையொப்பம் பேனாவால் எழுதப்பட்டதுதானா என்பது. ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட படங்கள் பலவற்றில் கையொப்பம் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். அச்சென்றால் உருப்பெருக்கியில் கோடு புள்ளிகளாகப் பிரியும், அல்லது படத்தின் பளபளப்புக்குள் அமிழ்ந்து கிடக்கும். மை என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது பளபளப்பின் மேல் தனிப் படலமாகத் தெரியும். ரப்பர் முத்திரையில் மை ஓரங்களில் தேங்கியிருக்கும், கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் எது மேல், எது கீழ் என்று தெரியாது. இவை எளிய சோதனைகள். கடையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்தது பேனாவின் வயது. பால்பாயின்ட் பேனா 1945இல்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இன்று கையொப்பம் என்றாலே நினைவுக்கு வரும் ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது. ஜெல் பேனா 1984இல் ஜப்பானில் பிறந்தது. நம் நாடுகளில் இவை பரவ மேலும் சில ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1981இல் மறைந்த கண்ணதாசனின் கையொப்பம் ஜெல் மையில் இருக்க வழியே இல்லை. படத்தாளுக்கும் இப்படியே வயது உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் 1970களில்தான் பரவலாயிற்று. 1950களுக்கு முந்தைய படத்தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் பெரும்பாலும் கிடையாது என்பதால் புற ஊதா வெளிச்சத்தில் அவை நீலமாக ஒளிர்வதில்லை. 1940களின் நாயகி ஒருவரின் படம் நீலமாக ஒளிர்ந்தால், அது பின்னாளில் மறுபடி அச்சிட்ட படம் என்று ஐயுறலாம். ஆனால் இந்த விளக்கு தாளைப் பற்றி மட்டுமே பேசும், எழுதிய கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் இன்றைக்கு எழுதினாலும் தாள் பழையதாகவே இருக்கும். அந்த நிலையில் மை தாளில் எப்படிக் கசிந்திருக்கிறது, மடிப்பின் மீது எழுதப்பட்டதா அல்லது எழுதிய பிறகு மடிக்கப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். மடிந்து வெடித்த தாளில் எழுதினால் மை வெடிப்புக்குள் இறங்கி ஓரத்தில் பரவும்.

தமிழில் எழுதிய அர்ப்பண வரிகளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு சோதனை உண்டு. அதைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகளில் படித்ததில்லை. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் வரை ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் முன்புறம் சுழித்த துதிக்கை போன்ற பழைய ஐகாரக் கொம்போடும், ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்து வடிவிலும் எழுதப்பட்டன. 1960களின் தேதியிட்ட ஒரு படத்தில் "கலை" என்ற சொல் இன்றைய வடிவில் எழுதப்பட்டிருந்தால் அது கவனிக்கத்தக்கது. பெரியாரின் வழியில் 1930களிலிருந்தே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள் என்பதால் இதை முடிவான ஆதாரமாகக் கொள்ள முடியாது. பழைய வடிவத்தில் எழுதிப் பழகிய தலைமுறை 1978க்குப் பிறகும் அப்படியே எழுதிவந்தது என்பதும் தெரிந்ததே. எனினும் இளம் போலிக்காரர் ஒருவருக்குப் பழைய ஐகாரம் இயல்பாகக் கைவராது. வரைந்து வரைந்து எழுதிய தயக்கம் கோட்டில் தெரிந்துவிடும். கடைக்காரர் இதை நன்றாக அறிந்திருக்கிறார். அவர் ஒதுக்கி வைத்திருந்த ஒரு படத்தில் இந்தத் தயக்கத்தை உருப்பெருக்கியில் நானே பார்த்தேன்: பெயரை வேகமாக எழுதிய கை, "துணை" என்ற சொல்லில் மட்டும் மூன்று இடங்களில் நின்று நின்று போயிருந்தது.

ஒப்பிடுவதற்கு எந்தக் காலத்து மாதிரியை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். கையொப்பம் வயதோடு மாறும், நோயோடும் மாறும். எம்.ஜி.ஆர். 1984 அக்டோபரில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார், 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். அந்த இடைக்காலத்துத் தேதியிட்ட ஒரு கையொப்பத்தை 1960களின் ஸ்டூடியோ படத்தில் உள்ள கையொப்பத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் அச்சாக ஒத்துப்போகின்றன என்று மகிழ்வது தவறான முறை. அதே ஆண்டுகளில் எழுதப்பட்டதென உறுதியாகத் தெரிந்த ஆவணங்களோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவாகவே, இரண்டு கையொப்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துவது நல்ல அறிகுறி அன்று. மனிதக் கை ஒரே பெயரை இருமுறை ஒரே மாதிரி எழுதாது. கையொப்பமிடும் இயந்திரம்தான் எழுதும். அமெரிக்க அதிபர்களும் விண்வெளி வீரர்களும் பயன்படுத்திய அந்த இயந்திரத்தின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அழுத்தத்தில் ஓடும். கடையின் ஒப்பீட்டுத் தொகுப்பில் ஒவ்வொரு கலைஞருக்கும் பத்தாண்டு வாரியாக மாதிரிகள் இருக்கின்றன. இது பெரிய உழைப்பு. ஆனால் அந்த மாதிரிகளில் சில, அவர் முன்பு விற்ற பொருள்களின் நகல்களே. தாம் உண்மையென்று நம்பி விற்றதையே அடுத்ததற்கு அளவுகோலாக வைத்தால், ஒரு பிழை பல பிழைகளாகப் பெருகிவிடும். ஒப்பந்தம், தேதியிட்ட கடிதம் போன்ற வெளி ஆதாரங்களுக்குத் தனி நிறத்தில் அடையாளமிட்டுப் பிரித்து வைத்தால் தொகுப்பின் மதிப்பு உயரும். இதை அவரிடமே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

இனி கிரிக்கெட் அலமாரி. அங்கே கையொப்பமிட்ட மட்டைகளும் பந்துகளும் சட்டமிட்ட ஜெர்சிகளும் இருக்கின்றன. எதற்கும் கோப்பு இல்லை; ஒவ்வொன்றிலும் மின்னும் ஒட்டுவில்லையும் ஓர் உண்மைச் சான்றிதழும் மட்டுமே இருக்கின்றன. இவை வெளிநாட்டு மொத்த வியாபாரியிடமிருந்து வந்தவை என்றும், வீரர் கையொப்பமிட்டதைப் பார்த்தவர் யாரென்று தமக்குத் தெரியாதென்றும் உரிமையாளர் ஒளிக்காமல் சொல்கிறார். நேர்மையான பதில்தான். ஆனால் விலையில் அந்த ஐயம் பிரதிபலிக்கவில்லை. ஒரு மட்டைக்கு 900 வெள்ளி கேட்கிறார்.

சான்றிதழ் என்ற காகிதத்தின் மேல் நான் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறேன் என்பதற்கு வரலாறே காரணம். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணை, போலிக் கையொப்பங்களை எழுதியவர்களையும் விற்றவர்களையும் மட்டுமல்லாமல், அவற்றுக்குத் தாராளமாகச் சான்றிதழ் வழங்கியவர்களையும் வெளிக்கொண்டுவந்தது. தம் பெயரில் போலிக் கையொப்பங்கள் விற்கப்படுவதைப் பேஸ்பால் வீரர் டோனி குவின் கண்டறிந்து தெரிவித்ததும் அந்த விசாரணைக்கு உதவியது. பறிமுதலான பொருள்களில் அன்னை தெரேசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது. அதன் பின்னர், 2001இல் அமெரிக்கப் பேஸ்பால் லீக் ஒரு முறையைத் தொடங்கியது: வீரர் கையொப்பமிடும்போது அருகில் நிற்கும் சாட்சி அங்கேயே எண்ணிட்ட ஒட்டுவில்லையை ஒட்ட வேண்டும், எழுதி முடித்துச் சென்ற பொருளைப் பிறகு கொண்டுவந்தால் ஒட்டமாட்டார்கள். ஒட்டுவில்லைக்கு மதிப்பு கிடைப்பது அந்தச் சாட்சியால்தான். சாட்சி யாரென்று தெரியாத வில்லை வெறும் அலங்காரம்.

புகழ்பெற்ற நிறுவனத்தின் சான்று என்றாலும் அது கேள்விக்கு அப்பாற்பட்டதன்று என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கைப்பட ஒப்பமிட்டது என்று 599 அமெரிக்க டாலருக்கு அவருடைய நூலின் 900 பிரதிகளைச் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் விற்றது. பதிப்பகத் தலைவரின் ஒப்பத்துடன் உண்மைச் சான்றுக் கடிதமும் உடன் வந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை இயந்திரத்தால் எழுதப்பட்டவை என்று வெளிப்பட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். கலைஞர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய பதிப்பகமே தந்த சான்று பொய்த்துப்போகுமானால், பெயர் தெரியாத மொத்த வியாபாரியின் சான்றை நம்பி 900 வெள்ளி கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பற்றியும் எழுத வேண்டும். ரசீதில் "கையால் இடப்பட்ட அசல் கையொப்பம்" என்று பொருளின் விவரம் தெளிவாக எழுதப்படுகிறது. சிங்கப்பூரில் இது வெறும் சம்பிரதாயமன்று: விவரித்தபடி பொருள் இல்லையென்றால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே, ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்யலாம். எனவே ரசீதில் "ஒரு படம்" என்று மட்டும் எழுதித் தரும் கடையில் வாங்கக் கூடாது. இந்தக் கடை தன் பங்குக்குத் தரும் திருப்பித்தரும் காலம் முப்பது நாள். அது போதாது. பொருளை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்பினால் முடிவு வர மாதங்கள் ஆகும். தமிழில் இடப்பட்ட கையொப்பத்தைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளரைத் தேடவே நேரம் பிடிக்கும். ஆறு மாதமாக நீட்டினால் கடைக்குப் பெரிய இழப்பு வராது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கோப்பு உள்ள பொருளைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

கடை பிற்பகலில்தான் திறக்கிறது, திங்கட்கிழமை மூடியிருக்கும். வங்கி அட்டை வாங்குவதில்லை, பேநவ் என்ற மின்பணமாற்றம் உண்டு. விளக்கு வெளிச்சம் மஞ்சளாக இருப்பதால் மையின் நிறத்தைப் பார்க்க நடைபாதைப் பக்கம் எடுத்துச்செல்ல வேண்டியிருக்கிறது. ஐயா அதற்கும் தடை சொல்வதில்லை. குடும்பத்தில் பழைய ஆட்டோகிராஃப் புத்தகம் வைத்திருந்து விற்க நினைப்பவர்கள், கையொப்பம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே எங்கே, எப்போது, யார் அருகில் இருந்தார்கள் என்று அவரைக் கொண்டே எழுதி வாங்கி, புத்தகத்தோடு எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளுக்கும் சேர்த்தே கடைக்காரர் விலை சொல்வார். திரைப்பகுதியிலிருந்து, கலைநிகழ்ச்சி மலரும் நுழைவுச்சீட்டின் பாதியும் கூடவே இருந்த ஒரு முழுப் புத்தகத்தை நான் வாங்கினேன். கிரிக்கெட் அலமாரியில் அதே மாதிரி கோப்புகள் வரும்வரை அங்கே எதுவும் வாங்கப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கொள்முதலிலிருந்து, கையொப்பமிடும்போது உடனிருந்தவரின் எழுத்துப்பூர்வ சாட்சியத்தை மொத்த வியாபாரியிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.